வெர்டியும் வனதேவதையின் பாட்டும்

1893ஆம் ஆண்டு அம்பிட்டியவில் வாழ்வோர் எளிதில் மறக்கக்கூடிய ஆண்டன்று. கண்டி மாநகரை அடுத்து மலைச்சரிவிலே அமைந்த இவ்வூரில், பதின்மூன்றாம் லியோ பாப்பரசரின் ஆணையால் குருமடம் தோன்றியது அவ்வாண்டிலேதான். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர் வந்து இங்கே பயின்றனர். 1955ஆம் ஆண்டில் அக்குருமடம் பூனாவுக்குப் பெயர்ந்தது. இலங்கைக்கெனத் தனியாக அமைந்த தேசிய குருமடம் இன்று இங்கே நிலைபெற்றிருக்கிறது. இவ்வூர்ச் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் அதே 1893இல் இத்தாலியில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியும் என் நினைவுக்கு வரும். அவ்வாண்டு பெப்ரவரி 9ஆம் நாள் இரவு, மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கிலே, எண்பதாவது வயதில் நடந்துகொண்டிருந்த ஒரு முதியவர் தமது கடைசி இசைநாடகத்தை உலகுக்கு அளித்தார். அவர் ஜூசெப்பே வெர்டி. அந்த நாடகம் ஃபால்ஸ்டாஃப். அது நகைச்சுவை நாடகம்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஆண்டு ஒன்றானதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. ஆயினும் அந்த நாடகத்தின் இறுதிக் காட்சியில், நள்ளிரவுக் காட்டிலே ஒரு சிறுபெண் வனதேவதைகளின் அரசியாக வேடமிட்டுப் பாடும் பாட்டொன்று உண்டு. மேனாட்டு இசையிற் பழக்கமில்லாத காதையும் அது கட்டி நிறுத்திவிடும். அப்பாட்டின் மாயம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய வேண்டுமானால், அதை ஆக்கியவரின் வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தல் வேண்டும். அந்த வாழ்க்கையையே இங்கு சொல்ல முயல்கிறேன்.

இத்தாலியர் ஓப்பெரா என வழங்கும் இசைநாடகம் நம்முடைய கூத்துக்கு நெருங்கிய உறவினது. கதை முழுவதும் பாட்டாலேயே நடக்கும். பாத்திரம் தன் உள்ளத்தைத் திறக்கும் இடத்திலே தனிப்பாட்டு வரும். பெண்குரல்களுள் மிக உயர்ந்த நிலையிற் சஞ்சரிப்பதைச் சொப்ரானோ என்பர். காதலியும் மகளும் பெரும்பாலும் அக்குரலிலேயே பாடுவர். இவ்வளவு தெரிந்தாற் போதும். மற்றவை கதைப்போக்கில் விளங்கும்.

வெர்டி 1813ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வட இத்தாலியிலே புஸ்ஸேத்தோ என்னும் சிறு பட்டினத்தை அடுத்த ரோங்கோலே என்ற குக்கிராமத்திற் பிறந்தார். தந்தை கார்லோ சாராயமும் பலசரக்கும் விற்கும் சிறு விடுதியொன்றை நடத்தியவர். தாய் லூயிஜா நூல் நூற்றவள். நெப்போலியனின் ஆட்சி அப்போது அந்நாட்டில் நடந்தமையால், இத்தாலிய இசையின் தலைமகனாகப் பின்னர் விளங்கிய குழந்தையின் பெயர் பிரெஞ்சு மொழியிலேதான் பதியப்பட்டது.

சிறுவனின் இசையார்வத்தைக் கண்ட தந்தை, வறுமையிலும் பழைய விசைப்பேழை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதைப் பழுதுபார்க்க வந்த தொழிலாளி சிறுவனின் திறமையைக் கண்டு கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பேழையை வெர்டி தம் இறுதிநாள்வரை போற்றி வைத்திருந்தார். ஊர்க் கோயிலில் ஓர்கன் வாசிக்கும் வேலை அவருக்குச் சிறுவயதிலேயே கிட்டியது. புஸ்ஸேத்தோவில் வணிகஞ் செய்த அந்தோனியோ பரெத்ஸி என்னும் பெருந்தகையாளர் அவரைத் தம் வீட்டுப் பிள்ளைபோல ஆதரித்தார்.

1832இல் அவர் மிலான் இசைக் கல்லூரியின் வாசலில் நின்றார். கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அனுமதிக்குரிய வயதைக் கடந்துவிட்டார். பார்மா நாட்டவராதலின் மிலானுக்கு அந்நியர். பியானோவில் கை வைக்கும் முறையும் பிழையானது எனக் காரணங் கூறினர். இன்று அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தேர்வில் தோற்ற மாணவரைத் தேற்ற முயலும் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த கதை கிடைப்பது அரிது. ஆனால் வெர்டி அந்த அவமதிப்பை மறந்தவரல்லர் என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். பரெத்ஸியின் பொருளுதவியால் அவர் லவீஞ்ஞா என்னும் ஆசிரியரிடம் தனியே பயின்றார்.

1836இல் பரெத்ஸியின் மகள் மார்கெரித்தாவை அவர் மணந்தார். அடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. அதற்கடுத்த ஆண்டு ஆண் குழந்தை. பெண்ணுக்கு வெர்ஜீனியா என்றும் பையனுக்கு இசீலியோ என்றும் பெயரிட்டனர். இரண்டும் உரோமாபுரியின் பழங்கதையொன்றில் வருபவை. அக்கதையில் வெர்ஜீனியா என்னும் கன்னியை, கொடியவன் ஒருவன் கையிற் சிக்காதபடி தந்தையே கொன்று மானங்காக்கிறான். இசீலியோ அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மணமகன். விடுதலை வேட்கை மிக்க இளந்தம்பதியர் குடியாட்சிப் புகழை நினைந்து இட்ட பெயர்களாக இருக்கலாம். ஆனால் தந்தையின் கை மகளின் உயிரை முடிக்கும் அந்தக் கதை, வெர்டியின் கலையிலே பின்னர் எத்தனையோ வடிவில் திரும்பத் திரும்ப வந்தது.

வெர்ஜீனியா 1838 ஆகஸ்டிலும், இசீலியோ 1839 ஒக்டோபரிலும் இறந்தனர். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆயுள் ஒன்றரை ஆண்டைத் தாண்டவில்லை. மகனை அடக்கஞ்செய்த ஒரு மாதத்துக்குள் வெர்டியின் முதல் இசைநாடகம் லா ஸ்காலாவில் அரங்கேறிற்று. அது ஓரளவு வெற்றி பெறவே, அரங்க முதல்வர் அடுத்ததாக ஒரு நகைச்சுவை நாடகம் வேண்டுமென்றார். அதை எழுதிக்கொண்டிருக்கையில், 1840 ஜூன் மாதம், மார்கெரித்தாவும் மூளைக்காய்ச்சலால் மாண்டார். மூன்று சவங்கள் சென்ற வீட்டிலிருந்து அந்த இளைஞர் சிரிப்புக்கு இசையமைக்க வேண்டியவரானார்.

செப்டெம்பரில் அந்நாடகம் அரங்கேறியது. சபையோர் இரைந்து பழித்தனர். ஒரே இரவுடன் ஆட்டம் நின்றது. இனி இசையே வேண்டாம் என்று வெர்டி முடிவு செய்தார். முதுமையில் தம் நூற்பதிப்பாளரிடம் இக்காலத்தைப் பற்றிக் கூறியபோது, மூன்று மரணங்களும் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்ந்தனவாக அவர் சொன்னார். பதிவேடுகளின்படி அவற்றுக்கிடையே ஏறத்தாழ இரண்டாண்டு இடைவெளி உண்டு. இதைப் பிழையெனச் சுட்டி மகிழும் ஆராய்ச்சியாளர் உளர். துயரத்தின் கணக்கு நாட்காட்டியின் கணக்கன்று என்பதே எனக்குத் தோன்றுகிறது.

அரங்க முதல்வர் விடவில்லை. பாபிலோனில் சிறைப்பட்ட எபிரேயரின் கதையான நபுக்கோவை அவர் கையிலே திணித்தார். 1842 மார்ச் 9ஆம் நாள் அது அரங்கேறியது. தாயகத்தை நினைந்து அடிமைகள் கூடிப் பாடும் பாட்டு, அந்நியர் ஆட்சியின் கீழிருந்த இத்தாலியரின் உள்ளத்தில் நாளடைவில் தங்கள் சொந்தப் பாட்டாகவே பதிந்துவிட்டது. வெர்டியின் புகழ் அன்று தொடங்கிற்று. அந்நாடகத்தில் முதன்மைப் பெண்பாத்திரம் ஏற்றவர் ஜூசெப்பீனா ஸ்ட்ரெப்போனி என்னும் சொப்ரானோப் பாடகி. பிற்காலத்தில் அவரே வெர்டியின் வாழ்க்கைத் துணையானார். மணமாகாமலே சேர்ந்து வாழ்ந்த அவர்களைப் புஸ்ஸேத்தோ ஊரார் தூற்றினர். 1859இல் அவர்கள் முறைப்படி மணஞ்செய்துகொண்டனர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தியை மகளாக எடுத்து வளர்த்தனர்.

1851இல் ரிகொலெத்தோ, 1853இல் இல் திரொவத்தோரே, லா திராவியாத்தா, 1871இல் கெய்ரோ நகரில் ஆயிடா என்று அவர் புகழ் மேன்மேலும் ஏறிற்று. அந்த நாடகங்களை எல்லாம் இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றினூடே ஓடும் ஓர் இழையை மட்டும் காட்ட விரும்புகிறேன். அது தந்தை, மகள் என்னும் உறவு.

ரிகொலெத்தோவில் அரசவை விகடன் தன் மகளை உலகின் கண் படாமல் பூட்டி வைக்கிறான். அவளைக் கெடுத்தவனைக் கொல்லக் கூலியாளை ஏவுகிறான். ஆனால் கோணியிலே கட்டிக் கொடுக்கப்பட்டது அவன் மகளின் உடலே. ஆயிடாவிலோ தோற்ற அரசன், நாட்டின் பெயரால் மகளை மிரட்டி, காதலனிடம் போர் இரகசியத்தைக் கவரச் செய்கிறான்; மகள் உயிரோடு கல்லறைக்குள் புகுகிறாள். சிமொன் பொக்கனேக்ராவில் காணாமற்போன மகளைத் தந்தை கண்டடைகிறான். அந்த இன்பம் நிலைக்குமுன் அவன் நஞ்சுக்கு இரையாகிறான். பெற்ற அன்பு சில வேளை காவலாகவும், சில வேளை கொலைக்கருவியாகவும் ஆகும் பான்மையை இவரளவு பாடியவர் இசையுலகில் வேறெவரும் இலர்.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையை இசைநாடகமாக்க வேண்டுமென்று வெர்டி பல்லாண்டு ஏங்கினார். அதற்குரிய செய்யுளையும் கவிஞரைக் கொண்டு எழுதுவித்தார். எனினும் அதற்கு இசையமைக்க அவர் கை எழவேயில்லை. இறந்த மகளைக் கையிலேந்தி முதியவன் அலறும் அந்தக் காட்சியை அவர் ஏன் தொடவில்லை என்பதற்கு அறிஞர் பல காரணங் காட்டுவர். பெண்ணைப் பெற்றவனாகிய எனக்கு அந்தக் காரணங்களுள் எதுவும் வேண்டியதாகத் தோன்றவில்லை.

ஆயிடாவுக்குப் பின் வெர்டி தம் சாந்த ஆகத்தா பண்ணையில் உழவராகவே வாழத் தலைப்பட்டார். அவரை மீண்டும் நாடகத்துக்கு இழுத்தவர் அரிகோ போய்ட்டோ என்னும் கவிஞர். அவர் தாமும் இசைப்புலவர். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை இருவரும் சேர்ந்து 1887இல் அரங்கேற்றினர். 1889 கோடையில் போய்ட்டோ அடுத்த திட்டத்தை நீட்டினார். அது நகைச்சுவை நாடகம். வெர்டிக்குச் சிரிப்பு நாடகம் எழுத வராது என்று ரொசினி கருதியதாக ஒரு பேச்சு நிலவியது. வெர்டி அதைக் கேட்டுப் புண்பட்டதுண்டு. 1840இன் தோல்வியோ அரை நூற்றாண்டாக ஆறாதிருந்தது. எழுதி முடிக்குமுன் சாவு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் முதலில் தயங்கினார். பின்னர் இணங்கினார். செய்தி வெளியே கசியாமல், தம் மகிழ்ச்சிக்காகவே எழுதுவதுபோல, சிறிது சிறிதாக எழுதினார்.

கதைக்கு மூலம் ஷேக்ஸ்பியரின் வின்ட்சர் மனைவியர் நாடகம். தமிழுலகுக்கு அப்பெருங்கவிஞரைச் செகசிற்பியார் என அறிமுகஞ்செய்து, அவர் நாடகங்களைக் கொண்டு நாடக இலக்கணம் வகுத்தவர் நம் விபுலாநந்த அடிகள் என்பது இவ்விதழ் வாசகர் அறிந்ததே. அவருடைய மதங்கசூளாமணி அதற்குச் சான்று. கொழுத்த, கிழட்டு, கடனாளி வீரனான ஃபால்ஸ்டாஃப் பணத்தாசையால் இரண்டு குடும்பப் பெண்களுக்கு ஒரே வாசகமுள்ள காதற் கடிதங்களை அனுப்புகிறான். பெண்கள் கூடி அவனை அழுக்குத் துணிக் கூடையிலிட்டு ஆற்றில் எறிவிக்கின்றனர். பின்னர் நள்ளிரவிலே காட்டுக்கு வரவழைத்து, பேய்களும் தேவதைகளுமாக வேடமிட்டு அச்சுறுத்துகின்றனர். இதனூடே ஓர் இளங்காதலும் நடக்கிறது.

இக்காதலைப் போய்ட்டோ கையாண்ட முறை நுட்பமானது. மூலநாடகத்தில் பெண்ணின் தந்தை ஒரு மாப்பிள்ளையையும் தாய் வேறொரு மாப்பிள்ளையையும் விரும்புகின்றனர். பெண்ணோ மூன்றாமவனை மணக்கிறாள். போய்ட்டோ தாயை மகளின் பக்கம் சேர்த்துவிட்டார். எதிர்ப்பக்கத்தில் தந்தை ஃபோர்ட் மட்டும் நிற்கிறான். முதிய வைத்தியரான காயஸுக்கு மகள் நன்னெத்தாவைக் கொடுப்பது அவன் எண்ணம். அவளோ ஃபென்டன் என்னும் இளைஞனை நேசிக்கிறாள். மூலத்திலே தேவதையரசியின் வரிகளைப் பேசுபவள் வீட்டு வேலைக்காரி. இசைநாடகத்தில் அந்த மகுடம் நன்னெத்தாவின் தலைக்கு வந்தது. இவர்களின் காதலை ஓரிடத்திலே குவித்து வைக்காமல், பணியாரத்தின்மேற் சீனி தூவுவதுபோல நாடகம் முழுவதும் தூவவேண்டும் என்பது போய்ட்டோவின் கருத்து. வெர்டியின் இசையும் அப்படியே அமைந்தது. காதலர் ஒரு முத்தம் திருடுவர், உடனே யாரேனும் வந்துவிடுவர், ஓடுவர்.

இறுதிக் காட்சிக்கு வருவோம். வின்ட்சர் காட்டில் ஒரு பெரிய ஓக் மரம். தொலைவில் வேட்டைக்காரனின் கொம்பொலி. ஃபென்டன் தனியே நின்று பாடுகிறான். இருளின் மறுபுறத்திலிருந்து நன்னெத்தாவின் குரல் அதற்கு விடை சொல்கிறது. பாட்டு நிறைவுறுமுன் தாய் வந்து இடைமறிக்கிறாள். ஃபால்ஸ்டாஃப் தலையிலே கொம்புகளைச் சூடிக்கொண்டு நள்ளிரவு மணியை எண்ணியவாறு வருகிறான். தேவதைகள் வருகின்றன என்ற கூக்குரல் எழுகிறது. தேவதைகளைக் கண்ணாற் கண்டவன் சாவான் என்பது அவன் நம்பிக்கை. பருத்த உடலோடு மரத்தடியில் முகங்குப்புற விழுந்து கிடக்கிறான்.

அப்போது அப்பாட்டுத் தொடங்குகிறது. வயலின்கள் ஒலியடக்கப்பட்டு மூச்சுப்போல இழைகின்றன. மேலே புல்லாங்குழல், நடுவே நம் பழைய யாழுக்கு உறவான ஹார்ப்பின் மெல்லிய தெறிப்பு. அதன்மேல் நன்னெத்தாவின் குரல், எங்கிருந்து தொடங்கிற்று என்று தெரியாத வண்ணம் மிதந்து வருகிறது. தென்றலின் நூலிழையிலேறி வருமாறும், நிலவொளியில் ஆடுமாறும் அவள் தன் பரிவாரத்தை அழைக்கிறாள். மலர்களையே எழுத்துகளாகக் கொண்டு தேவதைகள் எழுதும் விந்தையைச் சொல்கிறாள். சிறு தேவதைகளின் குழு இடையிடையே மெல்லத் தொடர்கிறது. இத்தாலியச் சிரிப்பு நாடகங்களில் சொப்ரானோவுக்குத் தனிப்பாட்டு வருமிடமெல்லாம் வேகமான சங்கதிகளை அடுக்கிக் கைதட்டு வாங்குவது வழக்கம். இங்கே அத்தகைய வித்தை எதுவும் இல்லை. நீண்ட மூச்சு, நேரிய வரி, அடங்கிய ஒலி. கடைசியில் உயரத்திலே நின்று கரையும் ஒரு சுரம். பாடகிக்கு இதைவிடக் கடினமான சோதனை வேறில்லை. ஒலி சிறிது தடித்தாலும் மாயம் கலைந்துவிடும். முதல் அரங்கேற்றத்தில் இதைப் பாடியவர் அதெலீனா ஸ்தேலே. ஃபென்டனாகப் பாடியவர் எதுவார்தோ கர்பின். நாடகத்துக் காதலர் இருவரும் பின்னர் மெய்யாகவே கணவன் மனைவியாயினர்.

எங்கள் ஊர் மாணவர் சிலருக்கு ஒருநாள் மாலை இப்பாட்டின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்பித்தேன். மொழி ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும் கதைச் சுருக்கத்தின் அளவே தெரியும். பாட்டு முடிந்ததும் ஒரு மாணவி, இவள் யாருக்காகப் பாடுகிறாள் என்று கேட்டாள். நான் படித்த விளக்கங்கள் பலவற்றினும் கூரிய கேள்வி அது.

யாருக்காகப் பாடுகிறாள்? ஃபால்ஸ்டாஃபை அச்சுறுத்த எழுந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி அது. ஆனால் அவன் முகத்தை மண்ணிலே புதைத்துக் கிடக்கிறான். அச்சுறுத்தும் குறிப்பும் பாட்டில் இல்லை. தந்தை இருக்கிறான். அவள் தரித்திருக்கும் வெண்முக்காடும் ரோஜா மாலையும், கூட்டத்தில் அவளை இனங்காண்பதற்காக அவன் காயஸுக்குச் சொல்லிவைத்த அடையாளங்கள். சிறிது நேரத்தில் அந்த அடையாள உடையை வேறோர் ஆள் அணிந்து வருவான். வைத்தியர் முக்காட்டை நீக்கும்போது அங்கே மணமகளுக்குப் பதில் ஃபால்ஸ்டாஃபின் வேலையாள் நிற்பான். தந்தையோ முக்காடிட்ட இரண்டு சோடிகளை வாழ்த்திவிட்டு, இரண்டாவது சோடி தன் மகளும் ஃபென்டனும் என்பதைப் பின்னர்தான் அறிவான். அறிந்தபின் அவன் வாளை உருவவில்லை, சாபமிடவில்லை, நகைத்து ஏற்றுக்கொள்கிறான்.

ஆகவே அப்பாட்டு, தந்தை தனக்கென வகுத்த உடைக்குள் நின்றுகொண்டு, அந்த உடையிலிருந்து விடுபடப்போகும் ஒரு பெண்ணின் பாட்டு. அதைத் தன் விடுதலைக்காகவே பாடுகிறாள் என்று அந்த மாணவிக்கு விடை கூறினேன்.

வேடமும் காடும் காவலைக் கடந்த மணமும் நமக்குப் புதியனவல்ல. கதிர்காமத்துக் கந்தனை அறிந்த இந்நாட்டவர், வேட்டுவர் தலைவனின் மகளை வேடனாகவும் கிழவனாகவும் வந்து கவர்ந்த கதையையும், யானைமுகன் காட்டானையாக வந்து துணைபுரிந்ததையும் கூத்துமேடையிலே கண்டிருக்கின்றனர். ஆனால் வள்ளி கதையில் மாயம் தெய்வத்தினுடையது. வெர்டியின் காட்டில் தெய்வமும் இல்லை, தேவதையும் இல்லை. ஊர்ப் பெண்களும் பிள்ளைகளுமே முக்காடிட்டு நிற்கின்றனர். இது ஏமாற்று என்று சபையில் உள்ள அனைவரும் அறிவர். அறிந்தும், அந்த நாலைந்து நிமிடம் காடு மெய்யாகவே மயங்கி நிற்கிறது. மனிதர் மனிதருக்குச் செய்யக்கூடிய மாயம் இவ்வளவே. இதுவே போதும் என்பதை அக்கிழவர் அறிந்திருந்தார்.

ஓராண்டும் சில மாதங்களும் வாழ்ந்த வெர்ஜீனியாவை எண்ணி அவர் இதை எழுதினார் என்று நான் சொல்லத் துணியேன். அதற்குச் சான்று இல்லை. ஆனால் நாடகங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவர் ஒன்றைக் காணாதிருக்க முடியாது. தந்தையின் ஆசையாலோ ஆணையாலோ மகள்கள் மாண்டுகொண்டே இருந்த மேடை அது. எண்பதாவது வயதில், ஒரு மகள் உயிரோடும் சிரிப்போடும் தந்தையின் கையைக் கடந்து போகிறாள். போகுமுன் அவள் பாடும் பாட்டுக்கு வெர்டி தம்மிடமிருந்த மெல்லொலி அனைத்தையும் கொடுத்துவிட்டார். நாடகம் முடியும்போது ஃபால்ஸ்டாஃபே முதற்குரல் எடுக்க, உலகம் யாவும் வேடிக்கையே என்னும் கருத்தை எல்லாரும் ஒருவரையொருவர் துரத்தும் இசைக்கோவையாகப் பாடி முடிக்கின்றனர். 1840இல் சிரிக்கவைக்க இயலாது தலைகுனிந்த இளைஞர், அதே அரங்கிலே, ஐம்பத்து மூன்றாவது ஆண்டில் விடை கூறினார்.

அதன்பின் அவர் நாடகம் எழுதவில்லை. 1897இல் ஜூசெப்பீனா காலமானார். வறுமையுற்ற முதிய இசைவாணருக்காக மிலானில் ஓர் இல்லத்தைத் தம் பொருளைக் கொண்டு வெர்டி கட்டுவித்தார். கட்டடத்தை வகுத்தவர் போய்ட்டோவின் தமையன் கமில்லோ. தம் படைப்புகள் எல்லாவற்றிலும் அதுவே தமக்கு உவப்பானது என்று அவர் கருதினார். நன்றி கூறுவோரின் முகத்தைப் பார்க்க விரும்பாமல், தம் மறைவுக்குப் பின்னரே அதைத் திறக்க வேண்டுமென ஏற்பாடு செய்தார்.

1901 ஜனவரி 27ஆம் நாள், தமது எண்பத்தேழாவது வயதில் வெர்டி மிலானிலே மறைந்தார். ஆரவாரமின்றி அடக்கஞ் செய்யுமாறு எழுதிவைத்திருந்தார், அவ்வாறே செய்தனர். ஒரு மாதத்தின் பின் அவருடைய உடலையும் ஜூசெப்பீனாவின் உடலையும் அந்த இல்லத்துக்கு மாற்றியபோது, தொஸ்கனீனி நடத்த, எண்ணூறுக்கு மேற்பட்டோர் நபுக்கோவின் அடிமைகள் பாட்டை இசைத்தனர். பெருந்திரளாக மக்கள் கூடினர்.

1902இல் அந்த இல்லம் திறக்கப்பட்டது. இன்றும் அது நடைபெறுகிறது. மேடையில் பாடியும் வாசித்தும் முதுமையெய்தியோர் அங்கே வாழ்கின்றனர். நன்னெத்தாவாக ஒருகாலத்தில் வேடமிட்ட பாடகியரும் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். உயரத்திலே நின்று கரையும் அந்தச் சுரத்தைப் பிடிக்க அவர்களுக்கு மூச்சு இராது. ஆனால் அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இளையவர்க்குச் சொல்லிக்கொடுக்க அவர்களால் இயலும்.